பையன் வேலைக்குப் போயிருக்கிறான்

என் கணவர் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் காரியம் சிலுவை போட்டுக்கொள்வது அல்ல. பல் விளக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, அதில் env என்று தட்டுவதுதான். கடகடவென்று எழுத்து ஓடும். அதை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்த பிறகுதான் காபி டம்ளரில் கை வைப்பார். மாதா படத்துக்கு முன்னால் நிற்கிற நேரத்தைவிட இதற்கு முன்னால் உட்காருகிற நேரம் அதிகம் என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க டீச்சர்" என்பார். நான் மயிலாப்பூரில் ஒரு கான்வென்ட்டில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணமான நாளிலிருந்தே அவர் என்னைக் கூப்பிடுகிற பெயர் டீச்சர்தான்.

அவர் கிண்டியில், தொழிற்பேட்டைக்குள் இருந்த ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். இளவயதில் ஒரு நாள், பழகிப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய மெஷினில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டாராம். துடைத்தது நிஜ மெஷினை. எந்த மெஷினோடு பேசுகிறோம் என்று சொல்லும் ஒரு வரி முந்தின நாளே மாறியிருந்திருக்கிறது. இவர் env தட்டிப் பார்க்கவில்லை. வேலை போகவில்லை, ஆனால் அந்தப் பயம் போகவே இல்லை. "கை வைக்கிறதுக்கு முன்னாடி எங்க நிக்கிறோம்னு பார்த்துக்கணும்" என்பது அன்றிலிருந்து அவருக்கு வேதவாக்கு. இன்னொரு பழக்கமும் அப்போது வந்ததுதான். தன் மெஷினில் எந்த வரியைப் புதிதாக எழுதினாலும், அதற்கு மேலே ஹேஷ் அடையாளம் போட்டு, இது எதற்கு என்று ஒரு வாக்கியம் எழுதுவார். ஹேஷ் போட்ட வரியை மெஷின் கண்டுகொள்ளாது. அது மனுஷனுக்காக எழுதுவது.

இப்போது அவருக்கு நான் யார் என்பது பல நாள் காலையில் தெரிவதில்லை. env மட்டும் மறக்கவில்லை.

எங்கள் ஒரே பையன் போய்ச் சேர்ந்த பிறகுதான் இது ஆரம்பித்தது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது மூளை சுருங்கும் நோய் என்று அடையாறில் நாங்கள் பார்க்கும் டாக்டர் சொல்கிறார். யார் சொல்வது சரியோ, எனக்கு இரண்டும் ஒரே வீட்டில்தான் நடந்தது. ஒரு மழை நாளில், வேலை முடிந்து வரும்போது, கிண்டி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பையனின் வண்டி சறுக்கியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

நோய் முற்ற முற்ற, அவர் மனதிலிருந்து முதலில் உதிர்ந்தது அந்த மழை நாள்தான். காலையில் எழுந்ததும், "பையன் வந்துட்டானா?" என்று கேட்பார். நான் உண்மையைச் சொல்வேன். பொய் சொல்லக் கூடாது என்று இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய். சொன்னதும் அவர் அப்போதுதான் முதல்முதலாகக் கேள்விப்படுகிறவர் மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடுவார். பிறகு அழுவார். மத்தியானத்துக்குள் அழுதது மறந்துவிடும். மறுநாள் காலையில் மறுபடியும், "பையன் வந்துட்டானா?" வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அந்த வேல் தினமும் என் கையில்தான் இருந்தது. என் பிள்ளையின் சாவுச் செய்தியை நான் ஒரு தடவை கேட்டேன். அதை அவரிடம் எத்தனை தடவை சொன்னேனோ, எனக்கே கணக்கு இல்லை.

சரி, பொய்தான் சொல்லிப் பார்ப்போமே என்று ஒரு நாள் "வேலைக்குப் போயிருக்கான்" என்றேன். என் முகம் எனக்குத் துரோகம் செய்தது. என் முகத்துக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தாலே என் முகத்தைப் பார்த்துத்தான் மற்ற டீச்சர்கள் விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எதையோ மறைக்கிறீங்க. நீங்க யாரு?" என்று கேட்டார். நீ என்று கூப்பிட்டுப் பழகிய வாய், நீங்க என்றது. பிறகு போனை எடுத்துப் பையனின் நம்பரைப் போட்டார். அந்த நம்பர் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது. யாரோ ஒரு பெண் "ராங் நம்பர் சார்" என்று பொறுமையாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

என் முகத்தை நம்பாதவர், போனையும் நம்பாதவர், அந்தக் கறுப்பு ஜன்னலை மட்டும் நம்பினார். அதில் வருவதை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் அதுவே சொல்லட்டுமே என்று எனக்குத் தோன்றியது.

அதில் வருவது என்ன என்பதே எனக்கு அதுவரை தெரியாது. உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், சமக்குறி, ஒரு மதிப்பு. இது எனக்குப் புரிகிற விஷயமாயிற்றே, எக்ஸுக்கு மதிப்பு கொடுத்துத்தானே காலம் தள்ளினேன்! HOME என்றால் வீடு எது, USER என்றால் ஆள் யார், LANG என்றால் எந்த மொழி. அந்த ஜன்னலிலிருந்து எந்த வேலையைத் தொடங்கினாலும், அது இந்தக் குறிப்புகளை வாங்கிக்கொண்டு, நான் யாருக்காக, எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்கிறது. மெஷினுக்கே காலையில் எழுந்ததும் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் சூழல் மாறிகளாம். பாடப்புத்தகக் கமிட்டிக்காரர்கள் வைத்த பெயர் மாதிரி இருக்கிறது. அவர் வேரியபிள் என்றுதான் சொல்வார்.

பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தது. மதிப்பைத் தமிழில் எழுதினால் வாங்கிக்கொண்டது, ஆனால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளித் தள்ளி நின்றன. நின்றுவிட்டுப் போகட்டும். VEEDU என்று போட்டு, "மந்தைவெளி. இது நம் வீடுதான்" என்று எழுதினேன். அவர் சாயங்காலமானால் வீட்டுக்குப் போகணும் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். MANAIVI என்று போட்டு, "காபி கொண்டு வருபவள்தான்" என்று எழுதினேன். பிறகு PAIYAN. "வேலைக்குப் போயிருக்கிறான்" என்று எழுதிவிட்டு, ஜன்னலை மூடிவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலையில் அவர் env தட்டினார். என் வரி ஒன்றும் இல்லை. துடைத்தாற்போல் போயிருந்தது. "பையன் வந்துட்டானா?" என்றார்.

அப்போதெல்லாம் நடுநடுவே வானம் வெளுத்த மாதிரி அவருக்கு நல்ல நாட்கள் வரும். அப்படி ஒரு நாளில், பையன் பேச்சை எடுக்காமல், பொதுவாகக் கேட்டேன். "ஏங்க, நேத்து ஒண்ணு போட்டேன். ஜன்னலை மூடினதும் போயிடுச்சே?"

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "டீச்சர், கிளாஸ்ல போர்டுல எழுதுறே. பசங்க அதைப் பார்த்து நோட்டுல எழுதிக்கிறாங்க. அவன் நோட்டுல எதை அடிச்சுத் திருத்தினாலும் உன் போர்டு மாறுமா?"

"மாறாது."

"இங்கேயும் அதேதான். எக்ஸ்போர்ட்னு சொன்னாத்தான் அது போர்டுல எழுதின மாதிரி. இங்கிருந்து கிளம்புற புரோகிராம் எல்லாம் ஆளுக்கொரு காப்பி எடுத்துட்டுப் போகும். அது அங்க போய் என்ன மாத்தினாலும் இங்க திரும்பி வராது. சரி, பெல் அடிச்சதும் போர்டை என்ன பண்ணுவே?"

"அழிப்பேன்."

"அவ்வளவுதான். ஜன்னலை மூடினா பெல் அடிச்ச மாதிரி. நாளைக்கும் வேணும்னா கோப்புல எழுதி வைக்கணும். ஒவ்வொரு ஜன்னலும் திறக்கும்போது அதைத்தான் முதல்ல படிக்கும்." புள்ளியில் தொடங்குகிற பெயர் உள்ள அந்தக் கோப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் காட்டினார். "மேல ஹேஷ் போட்டு எதுக்குன்னு எழுத மறக்காதே" என்றார்.

தன்னை ஏமாற்றுவதற்கு வழியை அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அந்தக் கோப்பில் எழுதினேன். மற்ற இரண்டுக்கும் மேலே ஹேஷ் போட்டுக் காரணம் எழுதினேன். PAIYAN வரிக்கு மேலே எழுதவில்லை. எதற்கு என்று என்ன எழுதுவது?

மறுநாள் அவர் env தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். நான் காபியோடு கதவுக்குப் பின்னால் நின்றேன், முகத்தைக் காட்டாமல். "ம்... வேலைக்குப் போயிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காபிக்குக் கை நீட்டினார். என்னைப் பார்த்து, "காபி கொண்டு வர்றவங்களா, உக்காருங்க டீச்சர்" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அழாத ஒரு காலை அது. வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, பட்டினப்பாக்கத்துக்காரி, துடைப்பத்தோடு நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஐயா இன்னிக்கு ஷோக்கா கீறாரு!" என்றாள்.

அப்படியே பல மாதம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும், "இன்னிக்கும் வேலையா? என்ன கம்பெனி அது, நானே பரவாயில்ல போல" என்று ஸ்க்ரீனிடம் சலித்துக்கொள்வார். ஊருக்கு விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். செத்த பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறாளே என்று என் நாத்தனார் போனில் யாரிடமோ சொன்னதாகக் காதுக்கு வந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. அவள் ஒரு வாரம் இங்கே வந்து தங்கி, தினமும் காலையில் தன் அண்ணனிடம் அந்தச் செய்தியைச் சொல்லட்டும், பிறகு பேசலாம் என்று நான் சொல்லியனுப்பினேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டபோதும் இதைச் சொன்னேன். தினமும் ஒரு பொய் சொல்கிறேன் ஃபாதர், நானாகச் சொல்வதில்லை, மெஷினைச் சொல்ல வைக்கிறேன் என்றேன். சாமியார், "உங்களுக்கு யாரும்மா ஆறுதல்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. நவம்பர் பிறந்தால் எங்கள் ஜனங்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், புல்லைப் பிடுங்கி, கல்லைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். போகாமல் இருந்தால் அந்த ஒரு கல் மட்டும் இருட்டாக இருக்கும். அதை என்னால் தாங்க முடியாது. அவரை வேலைக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு, மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் போனால் பக்கம்தான். கல்லைக் கழுவினேன். சாமந்தி வைத்தேன். காற்றுக்கு மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது, கையைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரலில் மெழுகு காய்ந்து ஒட்டியிருந்தது. சாமந்தி வாசனை. சேலை ஓரத்தில் செம்மண்.

"கல்லறைக்குப் போனியா?" என்றார்.

போனியா. நீ என்றார். அந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன், அன்றைக்கு அது வரவே கூடாது என்று இருந்தது.

"எங்க அம்மா அப்பாவுக்குத்தான்" என்றேன். என் முகம் வழக்கம்போல் என்னைக் கைவிட்டது. "அவங்களுக்குத் தஞ்சாவூர்ல இல்ல கல்லறை?" என்றார். எழுந்து நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். env தட்டினார். PAIYAN வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். வேலைக்குப் போயிருக்கிறான்.

"இதை நான் வைக்கலையே" என்றார். ஒரு தேடல் கட்டளையைத் தட்டினார். அவர் விரலுக்கு எதுவும் மறக்கவில்லை. எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று மெஷின் உடனே காட்டிக்கொடுத்தது. கோப்பைத் திறந்தார். மேலே கீழே பார்த்தார். "எல்லாத்துக்கும் மேல எதுக்குன்னு எழுதியிருக்கு. இதுக்கு மட்டும் இல்ல." பிறகு திரும்பாமலே கேட்டார். "நீதானே எழுதினே?"

"ஆமாங்க."

"அவன் இல்லையா?"

எத்தனையோ தடவை சொன்ன பதில்தான். அன்றைக்கு அதை வாயால் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். அவர் திரும்பாமல் இருந்தும் அது அவருக்குத் தெரிந்துவிட்டது. கீபோர்டின் மேல் கை வைத்தபடி அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பிள்ளைக்காகச் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அவன் போன நாளில் ஊரே வீட்டில் இருந்தது. அதற்கு அடுத்து வந்த நாட்களில் நான் சொல்கிறவளாகவும் அவர் கேட்கிறவராகவும் ஆகிப்போனோம், சேர்ந்து அழ வாய்க்கவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தினமும் நான் கேட்பேனா?" என்றார்.

"முன்னாடி கேட்பீங்க. இது எழுதினதுக்கப்புறம் கேட்கிறதில்ல."

"நாளைக்கு எனக்கு இது ஞாபகம் இருக்காது, இல்ல?"

"இருக்காதுங்க."

அவர் அந்த வரியை அழிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அழித்துவிட்டால் நாளையிலிருந்து மறுபடியும் அந்த வேல். அவர் அழிக்கவில்லை. என் வரியின் தொடக்கத்தில் export இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தார்: readonly PAIYAN. சேமித்தார். புது ஜன்னல் ஒன்றைத் திறந்து, PAIYAN என்று போட்டு, சமக்குறிக்குப் பின்னால் எதையோ எழுதி என்டர் தட்டினார். மாற்ற முடியாது, படிக்க மட்டும்தான் என்று மெஷின் ஒரே வரியில் மறுத்துவிட்டது.

"பார்த்தியா டீச்சர்? இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது" என்றார்.

அது முழு உண்மையில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பூட்டு ஜன்னலுக்குள் மட்டும்தான். கோப்பைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் அந்த வரியை எடுத்துவிடலாம். ஆனால் கோப்பைத் தேடிப் போகிற அளவுக்கு அவருக்கு இன்னொரு தெளிவான நாள் வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லை. அதற்கப்புறம் அவர் என் வரிக்கு மேலே போய், ஹேஷ் போட்டு, மெதுவாகத் தமிழில் தட்டினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். இது எதற்கு என்று எழுத வேண்டிய இடம் அது. "எனக்குத் தெரியும். இருக்கட்டும்" என்று எழுதினார்.

கொம்பும் காலும் தள்ளித் தள்ளி நின்றன. சேமித்துவிட்டு ஜன்னலை மூடினார். "பசிக்குது" என்றார். ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன், சாப்பிட்டார். சாப்பிடும்போதே அவர் கண்ணிலிருந்து அந்தத் தெளிவு போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி உருண்டையை வாங்கிக்கொண்டு, "நல்லா சமைக்கிறீங்க" என்றார்.

மறுநாள் காலையில் பல் விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். env தட்டினார். நான் காபியோடு கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. எதிரிலேயே போய் நின்றேன். அவர் மேலிருந்து கீழ்வரை படித்தார். ஹேஷ் போட்டு எழுதியது env காட்டும் பட்டியலில் வராது. அதை நான் மட்டும்தான் இனிமேல் படிக்க முடியும்.

"பையன் வேலைக்குப் போயிருக்கானா" என்று படித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"சாப்பிட்டுட்டுப் போனானா டீச்சர்?"

"சாப்பிட்டான்" என்றேன். "ரெண்டு தோசை வச்சேன், சாப்பிட்டுட்டுத்தான் போனான்."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, காபியை வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்.